அக்கரையிலிருந்து கூப்பிட்ட பெயர்

எங்கள் ஹெம்லோட் துறையில் ஆற்றைப் பார்த்தபடி ஓர் ஓக் மரப் பெஞ்சு கிடக்கிறது. அதன் முதுகில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். 'ஆர்தர் டிரிண்டர், இந்தத் துறையின் படகோட்டி' என்று அதில் வெட்டியிருக்கும். கோடையில் வரும் வெளியூர்க்காரர்கள் அதில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, என் பப்புக்கு வந்து, "யாருங்க அந்த ஆர்தர்?" என்று கேட்பார்கள். அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. அந்தப் பெஞ்சு யாருக்காகப் போடப்பட்டதோ அவருடைய பெயர் ஆம்ப்ரோஸ். முப்பது வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தார், ஊர் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு பாதி, ஆத்திரம் பாதியாக வரும்.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் 'லோட்' என்று முடிகிற ஊர்களெல்லாம் துறைகள்தாம். ஆற்றைக் கடக்க வந்தவர்கள் நின்ற இடத்தில் ஒரு பப் முளைத்தது, அதற்கு எதிரே மேட்டில் ஒரு தேவாலயம், பிறகு பேரிக்காய்த் தோப்பு, தோப்பைச் சுற்றி வீடுகள். எங்கள் பப்புக்கு 'விலாங்கு' என்று பெயர். என் அப்பா நடத்தினார், அவருக்குப் பின் நான். தேவாலய மேட்டின் அடிச்சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு ஏறியது என்று கோடு போட்டு வருஷம் வெட்டி வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே. தண்ணீர் வந்தால் நாற்காலிகளை மாடிக்குத் தூக்குவோம், வடிந்தால் இறக்குவோம், அதைப் பற்றி யாரும் புலம்புவதில்லை.

புலம்பாதது மட்டுமில்லை, எதையுமே வெளியே சொல்லமாட்டார்கள் எங்கள் ஊரார். இங்கே ஒருவர் இன்னொருவர் காலை மிதித்தால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் "ரொம்ப நல்லாயிருக்கு" என்று குடித்துவிட்டுப் போவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறார்களே, அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் பிழைத்திருக்கக் கூடாது.

பெருவெள்ளம் வந்த அடுத்த வருஷம் டிரிண்டர் தம்பதி இங்கே குடிவந்தார்கள். அதுவரை படகோட்டியாக இருந்தவர் ஆர்தர் க்ரம்ப் என்ற கிழவர். அவர் செத்துப்போனதால்தான் இவருக்கு வேலை கிடைத்தது. அக்கரையில் முன்பு ஒரு மணி தொங்கும், அதை ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து படகு வேண்டுமென்றால் கையைக் குவித்து, "ஆர்தர்! படகு!" என்று கத்துவதுதான் வழக்கம். க்ரம்ப் போய்விட்டார், ஆனால் கத்திப் பழகிய வாய்கள் போகவில்லையே.

புது ஆள் வேலைக்கு வந்த முதல் நாளே அக்கரையில் டாக்டர் நின்றுகொண்டு, "ஆர்தர்! படகு! சீக்கிரம்!" என்று கத்தினார். இக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. அந்த நேரத்தில் "ஐயா, என் பேரு ஆம்ப்ரோஸுங்க" என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? போனார், ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் பால்காரர், அதற்கடுத்து தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை அப்போதிருந்த பாதிரியார், "நம் புதிய ஆர்தரை வரவேற்போம்" என்று வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார். இரண்டு வாரம் போனதும் அது வேடிக்கை என்பதே ஊருக்கு மறந்துவிட்டது. தபாலில் வந்ததெல்லாம் 'ஏ. டிரிண்டர்' என்று வந்தது. ஆர்தருக்கும் ஆம்ப்ரோஸுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றுதான், அது வேறு வினையாகப் போயிற்று.

இதெல்லாம் பின்னால் அவரே எனக்குச் சொன்னது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் ஒரு நெட்டையான, தோள் அகன்ற, அதிகம் பேசாத மனிதரைத்தான். கூப்பிட்ட குரலுக்கு வருவார். மழையில் கூப்பிட்டாலும் வருவார், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாலும் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

அவர் மனைவி எனிட் அக்கரையில் ஊறுகாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் ஊரே "ஆர்தர்! படகு!" என்று கத்தும் இடத்தில் நின்று அவள் மட்டும் அப்படிக் கத்தமாட்டாள். "நான்தான்!" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை ஆற்றைத் தாண்டி வரும், இவர் துடுப்பை எடுப்பார்.

தோப்புக்காரர் ஜாப் ஹேலிங் என் பப்பின் ஜன்னலருகே உட்கார்ந்து அதைக் கேலி செய்வார். "வந்துட்டாங்கய்யா மகாராணி! புருஷன் பேரைச் சொன்னா வாயில முத்து உதிர்ந்துடுமாக்கும்!"

"உங்க வீட்டம்மா உங்கள என்னன்னு கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியும் ஜாப். அதை இங்க சொல்லட்டுமா?" என்பேன். அவர் கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொள்வார்.

அவர்கள் வீடு என் பப்பை ஒட்டியே இருந்தது. சில ராத்திரிகளில் அவர்கள் அடுக்களை ஜன்னல் வழியாக எனிட் "ஆம்ப்ரோஸ், ஆம்ப்ரோஸ்" என்று கூப்பிடுவது எனக்குக் கேட்கும். அவள் வளர்க்கும் பூனையின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் பூனையைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒருமுறை மீன் தலை மிஞ்சியபோது, "ஆம்ப்ரோஸுக்குக் கொடு" என்று அவளிடம் நீட்டினேன். அவள் முகம் சிவந்து, பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, "ரொம்ப சந்தோஷப்படுவார்" என்று வாங்கிக்கொண்டு போனாள். பூனைக்கு என்ன மரியாதை என்று நான் வியந்தேன்.

ஆற்றில் கொஞ்சம் மேலே தள்ளிப் பாலம் கட்டினார்கள். படகு நின்றது. ஊராட்சியில் பெரிய கையாக இருந்த மிஸஸ் பென்ஃபோல்டு எல்லோரிடமும் வசூலித்து அந்தப் பெஞ்சைச் செய்யச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குத்தான் பெஞ்சு போடுவார்கள். உயிரோடு இருப்பவருக்குப் போட்டால் அது தனி கௌரவம் என்று அவளே முடிவுசெய்தாள். துணியை விலக்கியபோது நாங்கள் கைதட்டினோம். டிரிண்டர் தகட்டைக் குனிந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கெல்லாம் ரொம்பப் பெரிய மனசு" என்றார்.

எனிட்தான் முதலில் போய் அதில் உட்கார்ந்தாள். கையால் பலகையைத் தட்டிப் பார்த்து, "இந்த வயசுல வேத்து ஆம்பள மடியில உக்கார வெச்சுட்டீங்களே என்னைய" என்றாள். அவர் ஒருவர்தான் அதற்குச் சிரித்தார். எங்களுக்கு நகைச்சுவை புரியவில்லை, புரிந்ததுபோல் நாங்களும் சிரித்தோம்.

சில வருஷம் கழித்து ஒரு மார்ச் மாதம் எனிட் நெஞ்சுவலியில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. கல்லறைக் கல்லில் 'எனிட், ஏ. டிரிண்டரின் மனைவி' என்று வெட்டச் சொல்லி, கீழே பாதிக் கல்லைத் தனக்காகக் காலியாக விட்டார். பக்கத்து வீட்டில் பூனையைக் கூப்பிடும் சத்தமும் நின்றது. பூனையும் செத்துவிட்டது போலிருக்கிறது, பாவம் மனுஷன் என்று எண்ணினேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவர் துறைக்கு வருவார். ஊறுகாய்த் தொழிற்சாலை விடும் நேரம் அது. ஆனால் பெஞ்சில் உட்காரமாட்டார். அதை ஒட்டியிருக்கும் குட்டைச் சுவரில், ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்து அக்கரையைப் பார்ப்பார். எனக்கு இது பொறுக்கவில்லை. அக்டோபர் மாதக் குளிரில் ஒருநாள் போய்க் கேட்டேவிட்டேன்.

"ஆர்தர், ஊரே சேர்ந்து உங்களுக்காகப் போட்ட பெஞ்சு. அதுல உக்காந்தா என்ன குறைஞ்சிடும்? ஈரச் சுவத்துல உக்காந்து மூலம் வரவழைச்சுக்கணுமா?"

"அது வேற ஒருத்தரோடது, ஹெட்டிம்மா."

"யாரோடது? பேரைப் போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"படிச்சதாலதான் சொல்றேன். என் பேரு ஆர்தர் இல்லம்மா. ஆம்ப்ரோஸ்."

எனக்கு முதலில் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் தோன்றியது. பிறகு அந்த மீன் தலை நினைவுக்கு வந்தது. அந்த ஈரச் சுவரிலேயே நானும் உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர், பால்காரர், பாதிரியாரின் வேடிக்கை எல்லாம்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"முதல் வாரம் சொல்லியிருக்கலாம். அப்புறம் சொன்னா, இத்தன நாள் தப்பாக் கூப்பிட்டோமேன்னு அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அதும்மேல, கூப்பிட்ட பேருக்கு ஒருதடவ போயிட்டா, அப்புறம் அது நம்ம பேருதானேம்மா. எனிட் இருந்தவரைக்கும் எனக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியல. வெளிய ஆர்தரா இருப்பேன், வீட்டுக்குப் போனா என் பேரு இருக்கும்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்பக் கவலையெல்லாம் அந்தக் கல்லுதான். நான் போனப்புறம் இந்த ஊர் அதுல ஆர்தர்னு வெட்டிடும். அவளுக்குப் பக்கத்துல யாரோ ஒரு ஆர்தர் வந்து படுத்துக்குவான். அவ அங்க எனக்காகக் காத்துக்கிட்டிருப்பா."

"நாளைக்கே ஊர்க் கூட்டத்துல சொல்லிடறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அந்த மனிதர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"வேணாம்மா. மிஸஸ் பென்ஃபோல்டு வீடு வீடா அலைஞ்சு வாங்கின பெஞ்சு அது. என் முகத்தப் பாக்கவே அவங்களுக்குக் கூசும். நான் போனப்புறம் சொல்லுங்க. அப்ப நான் இருக்க மாட்டேன், யாருக்கும் சங்கடம் இல்ல. கல்லுல மட்டும் சரியா வந்தாப் போதும்."

வாக்குக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? ஆனால் சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. அடுத்த நாள் அவர் வழக்கமான மூலையில் அரைக் கோப்பை பேரிக்காய் மதுவோடு உட்கார்ந்திருந்தபோது, பப்பில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, "ஆம்ப்ரோஸ், இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றேன். அவர் திரும்பவே இல்லை. காது மந்தமோ என்று இன்னொருமுறை சொன்னேன். அப்போதுதான் மெதுவாக நிமிர்ந்தார். யார் கூப்பிட்டது என்று தேடியதுபோல் கதவுப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க ஹெட்டிம்மா. உங்க குரல்ல அது யாரோ மாதிரி இருக்கு. ஆர்தர்னே கூப்பிடுங்க."

அழுதுவிடக் கூடாது என்று நான் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்த கோப்பைகள்தாம். ஒரு மனிதனுக்குத் தன் பெயர் மட்டுமே மிச்சம் இருக்கிறது, அதையும் கூப்பிட உலகத்தில் ஒரு குரல்தான் இருந்தது, அதுவும் மேட்டில் மண்ணுக்குள் கிடக்கிறது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆர்தர் என்றே கூப்பிட்டேன். அதன் பிறகு அவர் இருந்த வருஷங்களில் எங்கள் இருவருக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாயங்காலம் அவர் சுவரில் உட்கார்வதற்கு முன் ஒரு சாக்கை மடித்து அங்கே போட்டுவைப்பேன்.

ஒரு ஜனவரியில், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, அவர் தன் நாற்காலியிலேயே போய்விட்டார். நாற்காலியை மாடிக்குத் தூக்கப் போன ஜாப்தான் முதலில் பார்த்தார். பாதிரியார் அப்போது ஊருக்குப் புதிது, இளைஞர், மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆம்ப்ரோஸ்தான், நான் பார்த்துக்கறேன்" என்றார். ஊராருக்கு அவர் விளக்கிச் சொல்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் ஏற்கெனவே சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தேவாலயத்துக்குப் போகும் சந்தில் இடுப்பளவு தண்ணீர். அதனால் தோப்பில் கவிழ்த்துப் போட்டிருந்த அவருடைய பழைய படகைத் துடைத்து, ஓட்டை அடைத்து, சவப்பெட்டியை அதிலேயே ஏற்றினோம். ஜாப்பும் இன்னொருவரும் துடுப்புப் போட்டார்கள். இரண்டு பக்கமும் வேலிச் செடிகளின் தலை மட்டும் தெரிந்தது. மேட்டில் ஊர் முழுவதும் ரப்பர் பூட்ஸோடு நின்றது. படகு மேட்டை நோக்கித் திரும்புவது தெரிந்ததும் யாரோ ஒருவர் கையைக் குவித்து, "ஆர்தர்! படகு!" என்று கூவினார். உடனே எல்லோரும் கூவினார்கள். கிழவர்கள், பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள்கூட. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அன்பாகவும் இவ்வளவு தப்பாகவும் ஒரு ஊர் கூப்பிட முடியுமா?

உள்ளே பாதிரியார் தெளிவாகவே படித்தார். "நம் சகோதரர் ஆம்ப்ரோஸ்" என்றார். ஒருமுறை இல்லை, பலமுறை. பெட்டியின் மேலிருந்த சின்னத் தகட்டிலும், பெட்டி செய்த நகரத்து ஆட்கள் அதையே வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வரிசை வரிசையாகத் தலைகள் தாழ்ந்தன. துக்கத்தில் தாழ்கின்றன, விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று எண்ணி நானும் ஆறுதலாகத் தலை தாழ்த்தினேன்.

பிறகு எல்லோரும் என் பப்பின் மாடியில் கூடினார்கள். கீழே தண்ணீர் நின்றதால் பன்றி இறைச்சியும் ரொட்டியும் என் படுக்கையறை மேஜையில் இருந்தன. பாதிரியார் ஒரு கோப்பை டீ குடித்துவிட்டு விடைபெற்றார். அவர் படியிறங்கும் வரை யாரும் பேசவில்லை. காலடி ஓய்ந்ததும் மிஸஸ் பென்ஃபோல்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க, தயவுபண்ணி. சின்னப் பையன், மனசொடிஞ்சு போயிடுவார்" என்றாள்.

"என்னத்தச் சொல்லக்கூடாது?" என்றேன்.

"பேரை மாத்திப் படிச்சாரே, ஹெட்டி! ஆம்ப்ரோஸாம்! எனக்கு எங்க போய் முகத்த வெச்சுக்கறதுன்னே தெரியல. நல்லவேளை, ஒருத்தரும் காட்டிக்கல."

"பொட்டித் தகட்டுலயும் அப்படித்தானே வெட்டியிருந்தான்" என்றார் இன்னொருவர். "டவுன்காரனுக்கு என்ன தெரியும்."

ஜாப் மூக்கைச் சிந்தினார். அழுதிருந்தார். "பாவம் ஆர்தர். ஊரெல்லாம் சுமந்தவன். கடைசில பொண்டாட்டி பக்கத்துல வேற எவன் பேரையோ சொல்லிப் பொதைச்சிருக்கோம்."

"கல்லுலயாச்சும் சரியா வரணும்" என்றாள் மிஸஸ் பென்ஃபோல்டு. "அத நான் பாத்துக்கறேன். நாளைக்கே கல்வெட்டுறவர்கிட்டப் போயி, ஆர்தர்னு என் கையாலயே எழுதிக் குடுத்துட்டு வர்றேன். அவருக்கு நாம செய்யக்கூடியது இனிமே அது ஒண்ணுதானே."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நல்ல மனுஷி அவள், அதுதான் கஷ்டம்.

நான் கையிலிருந்த தட்டைப் போட்டேன், விழுந்ததா போட்டேனா என்று எனக்கே தெரியாது. "யாரும் எங்கயும் போகவேணாம்" என்றேன். "பாதிரியார் சரியாத்தான் படிச்சார். அவர் பேரே ஆம்ப்ரோஸ்தான்." அப்புறம் நிறுத்தாமல் சொன்னேன். டாக்டரை, மீன் தலையை, வேத்து ஆம்பள மடியை, ஈரச் சுவரை. அக்கரையில் நின்று எனிட் ஏன் 'நான்தான்' என்று மட்டும் சொன்னாள் என்பதை. ஊருக்கு முன்னால் அவர் பெயரைச் சொன்னால் எங்கள் தப்பு வெளியே தெரியும், தப்பான பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

கீழே தண்ணீர் படிக்கட்டில் மோதும் சத்தம் கேட்டது. மிஸஸ் பென்ஃபோல்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தப் பெஞ்சு?" என்று கேட்டாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"இருக்கட்டும். அத மாத்தினா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அவர் சொல்லியிருக்கார். கல்லுல மட்டும் ஆம்ப்ரோஸ்னு வரணும்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஜாப் ஜன்னல் வழியாக அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கரையில் நின்று அவரும் தன் வாலிபத்திலிருந்து எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பார். திரும்பாமலே கேட்டார். "அப்ப இத்தன வருஷமா நாம யாரத்தான் கூப்பிட்டோம், ஹெட்டி?"

"யாரக் கூப்பிட்டோமோ தெரியாது, ஜாப்" என்றேன். "வந்தது ஆம்ப்ரோஸ்."